வீல் போல்ட்டுக்கு ஒரே ஒரு ‘டக்’ போதும்

போன வருடம் தாராபுரம் சாலையில் என் போலோ கார் பஞ்சரானது. அம்மாவும் காரில் இருந்தார். வீல் ஸ்பேனரை மாட்டி அதன் மேல் ஏறி நின்றேன். ஒரு போல்ட்கூட அசையவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் டயர் மாற்றிய இடத்தில், காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன்னை வைத்து இறுக்கியிருந்தார்கள். வழியில் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் நின்று, தன் இரும்புக் குழாயை ஸ்பேனரில் செருகிக் கழற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து கடைசி இறுக்கு என் கையால்தான், அதுவும் டார்க் ரென்ச்சால். நாம் வைத்த அளவு இறுக்கம் வந்ததும் ‘டக்’ என்று சத்தம் போடும் ஸ்பேனர் அது.

போலோவில் நட்டு கிடையாது. ஐந்து போல்ட்டுகள் நேராக ஹப்புக்குள், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதிக்குள், போகும். 17 எம்.எம். சாக்கெட், இறுக்கம் 120 நியூட்டன் மீட்டர். 40 செ.மீ. கைப்பிடியின் நுனியில் சுமார் 30 கிலோ தொங்கினால் வரும் இறுக்கம் அது. அறுபது கிலோ ஆள் ஏறி மிதித்தால் அதைப்போல இரண்டு மடங்கு! உங்கள் கார் வேறு என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவைத்தான் எடுக்க வேண்டும்.

இறுக்கும்போது போல்ட் மயிரிழை அளவு நீள்கிறது. அது மறுபடி சுருங்கப் பார்க்கும் இழுவைதான் சக்கரத்தை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. இழுவை போதாவிட்டால் போல்ட் தளரும். மிஞ்சினால் நீண்டது நீண்டதுதான், மரையும் போய்விடும். அதனால் மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். என் மாமா துருப்பிடிக்காது என்று சொல்லித் தடவுவார். உராய்வு குறைந்துவிட்டால், ரென்ச் 120 காட்டும்போதே போல்ட் தேவைக்கு மேல் இழுபட்டிருக்கும். கம்பி பிரஷ்ஷால் மரையையும் ஹப் முகத்தையும் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

சரி, சக்கரத்தைத் தூக்கி வைத்துத் துளைகளைப் பொருத்துங்கள். முதல் சில சுற்றுகளை விரலால் மட்டுமே திருப்ப வேண்டும். விரலுக்குப் போகாத போல்ட் கோணலாக ஏறுகிறது என்று அர்த்தம். வெளியே எடுத்து மறுபடி போடுங்கள். அப்புறம் சாதாரண ஸ்பேனரால், ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திரம் போடுவதுபோல, சக்கரம் ஹப்பில் ஒட்டி உட்காரும்வரை இறுக்குங்கள். வரிசையாகப் போனால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும்.

ஜாக்கியை இறக்கி, டயர் தரையைத் தொட்ட பிறகுதான் டார்க் ரென்ச். 120-இல் வைத்து, கைப்பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல் நிதானமாக இழுங்கள். ‘டக்’ என்றதும் நிறுத்திவிடுங்கள். உறுதிக்காக இன்னொரு ‘டக்’ என்று நானும் முதலில் இழுத்திருக்கிறேன்; அது அளவைத் தாண்டிய கூடுதல் இறுக்கம். அதே நட்சத்திர வரிசையில் ஐந்தையும் முடியுங்கள்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பின், சக்கரம் ஆறியதும், மறுபடி 120-இல் வைத்துப் பாருங்கள். போல்ட் நகராமலே ‘டக்’ கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் ரென்ச்சை அதன் குறைந்தபட்ச அளவுக்குத் திருப்பிப் பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிடும். போல்ட் கழற்ற அதை எடுக்கவே வேண்டாம். அதற்குப் பழைய ஸ்பேனர் இருக்கிறது.