எக்கோ அறிக்கையைப் படிக்கும் முறை

ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோ பரிசோதனையின் அறிக்கை கைக்கு வந்ததும் பலர் மேலிருந்து கீழாக வாசிக்கத் தொடங்கி, அளவுகள் நிறைந்த கட்டங்களிலேயே மிரண்டு நின்றுவிடுகின்றனர். முதலில் பார்க்க வேண்டியவை அடியில் ‘இம்ப்ரெஷன்’ என்ற தலைப்பின்கீழ் உள்ள சில வரிகளே. மேலே உள்ள எண்கள் அவற்றுக்கான ஆதாரம்.

அவ்வரிகளில் முதன்மையானது ஈ.எஃப்., அதாவது ஒவ்வொரு சுருக்கத்திலும் இடது கீழறை வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காடு. இடது கீழறையில் சுருங்குவதற்கு முன் 100 மில்லி இரத்தம் இருந்து, சுருங்கிய பின் 40 மில்லி எஞ்சினால், ஈ.எஃப். 60 விழுக்காடு என்று எழுதுவர். மீதி 40 விழுக்காடு கெட்டுவிட்டதோ என்று கலங்க வேண்டியதில்லை. எந்த இதயமும் முழுவதையும் வெளியேற்றுவதில்லை, ஏறத்தாழ 55 முதல் 70 வரை இயல்பே. 40 அல்லது அதற்குக் கீழ் எனில் சுருங்கும் திறன் குறைந்துள்ளது என்று பொருள். அளவிடுபவரைப் பொறுத்துச் சில புள்ளிகள் மாறும் என்பதால், சென்ற முறை 60, இம்முறை 57 என்பதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க வேண்டாம்.

அடுத்தது ஆர்.டபிள்யூ.எம்.ஏ. இதயச் சுவரின் ஒரு பகுதி மட்டும் சரியாக அசையாததை இது குறிக்கும். ‘ஹைபோகைனீசியா’ என்றால் அசைவு குறைவு. ‘அகைனீசியா’ என்றால் அசைவே இல்லை. ‘டிஸ்கைனீசியா’ என்றால் உள்நோக்கிச் சுருங்க வேண்டிய நேரத்தில் அப்பகுதி வெளியே புடைக்கிறது. முன்சுவர் எனக் குறிப்பிட்டிருந்தால் அப்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் எல்.ஏ.டி. எனப்படும் தமனியின் மீது சந்தேகம் போகும். ஆனால், ‘நோ ஆர்.டபிள்யூ.எம்.ஏ.’ என்பது அடைப்பே இல்லை என்பதற்கான சான்றிதழ் அன்று. ஓய்வில் எடுக்கும் எக்கோ சுவரின் அசைவைக் காட்டுமே தவிர, தமனிக்குள் உள்ள அடைப்பைக் காட்டாது; ஆகவே நடக்கும்போது நெஞ்சு இறுகுபவர், எக்கோ நார்மல் என்று சும்மா இருந்துவிடக் கூடாது.

எம்.ஆர். (மிட்ரல் வால்வு), டி.ஆர். (ட்ரைகஸ்பிட் வால்வு) என்பவை வால்வுக் கசிவுகள், எம்.எஸ். (மிட்ரல்), ஏ.எஸ். (அயோர்டிக்) என்பவை வால்வுச் சுருக்கங்கள். கசிவுக்கு முன் ‘ட்ரிவியல்’ (மிகச் சிறிது) என்றிருந்தால், அது நலமாக உள்ளவர்களிடமும் காணப்படுவதே. இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வின் திறப்பு இயல்பாக 4 முதல் 6 சதுர சென்டிமீட்டர் இருக்கும், 1.5 அல்லது அதற்குக் கீழ் எனில் ‘சிவியர்’ (கடுமையான) எம்.எஸ். என்பர். ‘கிரேடு 1 டயஸ்டாலிக் டிஸ்ஃபங்ஷன்’ என்பது கீழறை சற்று மெதுவாகத் தளர்வதைச் சொல்கிறது. முதியவர்களிடம் இது சாதாரணம். இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்திருப்பதே இங்கு முக்கியம்.

கடைசி வரிகளில் ‘கிளாட்’ (இரத்தக் கட்டி), ‘வெஜிடேஷன்’ (வால்வில் ஒட்டி வளரும் கிருமித் திரள்), ‘பெரிகார்டியல் எஃப்யூஷன்’ (இதய உறைக்குள் நீர் சேர்தல்) என்ற சொற்கள் பெரும்பாலும் ‘நோ’ என்பதோடு சேர்ந்தே வரும். அந்த ‘நோ’ இல்லாவிட்டால், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் அன்றே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.