இரட்டை அறை கட்டி அளப்பது எப்படி: கூரைப் பூச்சு, காற்றோட்டம், வடிகட்டி

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் பெயிண்ட் கடைக்குக் கடை “வீடு 8 டிகிரி குளிரும்” என்று எழுதிய டப்பா அடுக்கியிருக்கிறது. அந்த 8 டிகிரி கூரையின் மேற்பரப்பிலா, அடிப்பரப்பிலா, அறைக் காற்றிலா என்று டப்பாவில் இருக்காது. மூன்றும் வெவ்வேறு எண்கள். கல்லூரி ஆய்வகமோ, சொந்தமாகக் கட்டுமானத் தொழில் செய்பவரோ இதைத் தாங்களே சோதித்துப் பார்க்கலாம். வேண்டியது அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு சிறு அறைகளும், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற கருவிகளும்தான்.

அறைகள்

உள்ளளவு 1.2 மீட்டர் நீளம், அகலம், உயரம். நாலரை அங்குலச் செங்கல் சுவர், உள்பக்கம் 50 மி.மீ. தெர்மாகோல், தரையிலும் அதே. சுவரை இப்படி மூடாவிட்டால் மேற்கு வெயில் சுவர் வழியாக உள்ளே புகுந்து கூரையின் வித்தியாசத்தை விழுங்கிவிடும். மேலே 100 மி.மீ. கான்கிரீட் தளம், இரண்டுக்கும் ஒரே நாளில் ஒரே கலவையில் போட்டது. சுற்றிலும் 15 செ.மீ. நீட்டி 1.5 மீட்டர் சதுரமாகப் போட்டால் தளம் மட்டும் ஐந்நூறு கிலோவைத் தாண்டும். தனியாக வார்த்துத் தூக்கிவைக்க நினைக்காமல் இடத்திலேயே போடுங்கள். 28 நாள் தண்ணீர் கட்டிய பிறகும் உள் ஈரம் காய இன்னொரு மாதம் விடுங்கள். ஈரத் தளம் ஆவியாகிக்கொண்டே தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும்; பூச்சே இல்லாத தளம் பூச்சடித்தது போல நடிக்கும்.

இரண்டுக்கும் நடுவே மூன்று மீட்டராவது இடைவெளி வேண்டும். கதவு வடக்கே இருக்கட்டும். டெல்டாவில் இடம் தேடும்போது தென்னையை மறக்காதீர்கள்: காலை எட்டு மணிக்கு ஓர் அறைமேல் மட்டும் நீளமாக விழும் தென்னை நிழல் முழுச் சோதனையையும் கெடுத்துவிடும்.

கருவிகள்

வெப்பத்துக்கு டிஎஸ்18பி20 என்ற சென்சார் போதும். விலை குறைவு, ஆனால் சந்தையில் போலி நிறைய. அசலின் துல்லியமே ±0.5 டிகிரிதான் என்பதால் ஒவ்வொன்றையும் சரிபார்த்தே ஆகவேண்டும். நொறுக்கிய ஐஸில் சுத்தமான தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக் கூழாக்கி, எல்லா சென்சாரையும் ஒன்றாகக் கட்டி அமிழ்த்துங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். பிறகு பிளாஸ்கில் 35 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம். ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று எழுதிவைத்துக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள்.

ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31 சென்சார் நல்லது. அதைச் சரிபார்க்க உப்பு முறை இருக்கிறது: மூடிய டப்பாவில், ஈர மணல் பதத்துக்குக் குழைத்த சோடியம் குளோரைடு வைத்தால் உள்ளே 75 சதவீதத்தில் நிற்கும். இரவு முழுக்க விட்டுக் காலையில் பாருங்கள். வேதாரண்யம் கல் உப்பு பக்கத்திலேயே கிடைக்கிறதே என்று அதைப் போடக்கூடாது. அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு எண்ணைக் கீழே இழுத்துவிடும். ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் தூய உப்பாக வாங்குங்கள்.

உடல் உணரும் சூட்டைக் காற்றின் வெப்பம் மட்டும் சொல்லாது. சூடேறிய தளம் தலைமேல் வீசும் அனலும் சேரவேண்டும். அதற்குத்தான் கறுப்பு உருண்டை. தரமுறைப்படி 150 மி.மீ. செம்பு உருண்டை வேண்டும். 40 மி.மீ. டேபிள் டென்னிஸ் பந்தில் பளபளப்பில்லாத கறுப்பு அடித்து, நடுவில் சென்சாரைத் தொங்கவிட்டாலும் ஒப்பீட்டுக்குப் போதும். சென்சார் பந்தின் சுவரைத் தொடக்கூடாது. சிறிய பந்து காற்று வீச்சுக்குக் கூடுதலாக அசையும், ஆகவே இரண்டு அறையிலும் ஒரே அளவுப் பந்துதான்.

அறைக்கு இவ்வளவு: நடுவில் 60 செ.மீ. உயரத்தில் பந்து ஒன்று, பக்கத்தில் மறைப்புக்குள் காற்று சென்சார் ஒன்று, தளத்தின் அடியில் மூன்று, மேலே ஒன்று, ஈரப்பதத்துக்கு ஒன்று. வெளியே நிழலில் ஒரு தொகுப்பு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு பதிவு. மின்வாரியத்தின் பராமரிப்பு நாளில் பதிவு அறுபடாமல் இருக்க பேட்டரி.

மேற்பரப்பைத் துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானியால் அளப்பவர்கள் ஏமாறும் இடம் அலுமினியத் தாள். பளபளப்பான உலோகம் தன் சூட்டைக் காட்டாமல் எதிரே இருக்கும் வானத்தின் வெப்பத்தைக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் குறிபார்த்து அளங்கள்.

எதையும் பூசாமல் ஒரு வாரம்

பலரும் தாண்டிப்போவது இந்த வாரத்தைத்தான். இரண்டு தளமும் வெறுமையாக இருக்கும்போது ஏழு நாள் அளந்து, இரண்டு பந்துகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மணிக்கு மணி எடுங்கள். 0.3 டிகிரிக்குள் இருந்தால் சரி. அதிகமென்றால் சென்சார்களை அறை மாற்றிப் போட்டுப் பாருங்கள். வித்தியாசம் சென்சாரோடு போனால் பழுது சென்சாரில். அறையோடு நின்றால் கதவு இடுக்கு, நிழல், தெர்மாகோல் இடைவெளி, இந்த மூன்றில் ஒன்று. 1 டிகிரி தானாகவே விலகி நிற்கும் அறைகளை வைத்து 2 டிகிரி சேமிப்பை நிரூபிக்க முடியாது.

பிறகு ஓர் அறைக்கு மட்டும் பூச்சு. இன்னொன்று வெறுமையாகவே இருக்கும். குறைந்தது பத்துத் தெளிந்த நாள் வேண்டும். கத்திரி வெயில் நல்ல பருவம். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கூல் ரூஃப் பெயிண்ட், செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தின்மேல் தட்டோடு என்று ஒவ்வொன்றாக. ஒன்றின்மேல் ஒன்று அடித்துச் சோதிக்கக்கூடாது.

முடிவைப் படிக்கும்போது பகல் உச்சத்தை மட்டும் பார்க்காதீர்கள். கான்கிரீட் பகல் சூட்டை வாங்கி வைத்திருந்து, பொழுது சாய்ந்த பிறகு உள்ளே இறக்கும். தூக்கம் கெடுவது அந்த நேரத்தில்தான், அதனால் இரவு 8 முதல் 2 வரை தனி வரிசையாக எடுங்கள். அளவுகோலுக்கு 2014இல் வந்த இந்தியத் தகவமைப்பு மாதிரி (வெளிச் சூட்டுக்குப் பழகிய உடலுக்கு உள்ளே எவ்வளவு வெப்பம் தோதானது என்று சொல்லும் சூத்திரம்) உதவும். இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்துக்கு: முந்தைய 30 நாள் வெளி வெப்பச் சராசரியை 0.54ஆல் பெருக்கி 12.83 கூட்டுங்கள். சராசரி 32 என்றால் 30.1 வரும். இருபுறமும் 2.38 விட்டால் 27.7 முதல் 32.5 வரை. 32.5ஐத் தாண்டிய மணிநேரம் எந்த அறையில் எத்தனை என்று சொல்வது, “8 டிகிரி” என்பதைவிட நாணயமான கணக்கு. ஆனால் இந்தச் சூத்திரத்தில் ஈரப்பதம் கிடையாது. நாகப்பட்டினம் பக்கம் புழுங்கும் இரவில் எண் சரியாக இருந்தும் வேர்த்துக்கொட்டும்.

நனைத்த சணல் சாக்குக் கூரை, ஏர் கூலர் இவற்றுக்கும் அதே ஈரம்தான் எல்லை. வெளியே 37 டிகிரி, 60 சதவீத ஈரம் என்றால் ஆவியாதல் ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே கொண்டுபோகாது.

சோதனை அறையில் 3 டிகிரி குறைந்தால் வீட்டிலும் 3 டிகிரி என்று யாருக்கும் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். இங்கே வெயில் சூடு உள்ளே வரும் முக்கிய வழி கூரை. வீட்டுக்குச் சுவரும் சன்னலும் அடுப்பும் உண்டு.

காற்றோட்டம்

சூடு வராமல் அடைத்த அறையில் காற்றும் வராது, ஆகவே இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள். கார்பன் டைஆக்சைடை ஏற்றி, அது வடியும் வேகத்தை அளப்பது எளிய முறை. சமையல் சோடாவும் எலுமிச்சை உப்பும் போதும். சோதனை அறைக்கு 12 கிராம் சோடா, 10 கிராம் எலுமிச்சை உப்பு. 3×3×3 மீட்டர் படுக்கையறைக்கு 185 கிராமும் 150 கிராமும். தண்ணீர் ஊற்றினால் வெளிக்காற்றைவிட ஏறத்தாழ 2000 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) உயரும். சிறு விசிறியை ஓடவிட்டுக் கலக்கி, ஆள் வெளியேறிக் கதவைச் சாத்துங்கள். உள்ளே ஒருவர் நின்றால் அவர் மூச்சே கணக்கைக் கெடுக்கும்.

வெளியே 420, உள்ளே தொடக்கத்தில் 2400, அரை மணியில் 1400 என்று வைப்போம். 1980ஐ 980ஆல் வகுத்து, கால்குலேட்டரில் ‘எல்என்’ பொத்தானை அழுத்தினால் 0.70. அதை 0.5 மணியால் வகுக்க 1.4. அதாவது அறைக்காற்று மணிக்கு 1.4 தடவை மாறுகிறது. 27 கன மீட்டர் அறையில் அது சுமார் 38 கன மீட்டர். இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் கார்பன் டைஆக்சைடு 1300, 1400இல் போய் நிற்கும்.

எஸ்சிடி30 போன்ற கார்பன் டைஆக்சைடு சென்சார்களில் தானியங்கித் திருத்தம் இருக்கும். சில நாளில் கண்ட மிகக் குறைந்த அளவையே வெளிக்காற்று என்று அது எடுத்துக்கொள்ளும். மூடிய அறையில் அப்படியே விட்டால் எண் கீழே கீழே போகும், அணைத்துவிடுங்கள். காற்றின் வேகத்தையும் குறித்துவையுங்கள். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றில் எடுத்த எண்ணை வைத்து ஐப்பசி மாத அறையை எடைபோட முடியாது.

புகை

காற்று வடிகட்டியைச் சோதிக்க இங்கே சுலபமான புகை கொசுவர்த்தி. படுக்கையறையில் ஐந்து நிமிடம் எரித்து அணைத்துவிட்டு வெளியே வாருங்கள். மலிவான ஒளிச்சிதறல் சென்சார் உச்சத்தில் திணறும், அதனால் பிஎம் 2.5 (நுண்தூசி) அளவு 500க்குக் கீழே இறங்கிய பிறகே கணக்கைத் தொடங்குங்கள். வடிகட்டி இல்லாமல் ஒரு முறை, ஓடவிட்டு ஒரு முறை, மேலே சொன்ன அதே வடிதல் கணக்கு. இல்லாமல் 0.9, ஓடும்போது 4.1 என்றால் வித்தியாசம் 3.2. அதை 27ஆல் பெருக்கினால் மணிக்கு 86 கன மீட்டர் சுத்தக் காற்று. மின்னழுத்தத்தையும் எழுதுங்கள், 180 வோல்ட்டில் விசிறி தளர்ந்தால் எண்ணும் தளரும். ஈரம் 80 சதவீதத்தைத் தாண்டினால் இந்த சென்சார்கள் பனித்துளியையும் தூசியாக எண்ணும், ஆகவே மார்கழி விடியலில் எடுத்த அளவை ஒதுக்குங்கள்.

புதுப் பூச்சின் எண்ணை மட்டும் அறிக்கையில் போடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி ஏறும். அரிசி ஆலைப் பக்கம் உமிச் சாம்பலும் படியும். தை முடிந்ததும் கூரையைத் தொடாமல் ஒரு வாரம் அளங்கள். பிறகு தேய்த்துக் கழுவி இன்னொரு வாரம். கழுவியதும் பழைய எண் திரும்பினால் வருடத்துக்கு ஒரு கழுவல் கூலியைப் பூச்சின் விலையோடு சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பாவிட்டால் பூச்சே தேய்ந்துவிட்டது, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை மறுபூச்சு என்பதை அடுத்த தையில்தான் சொல்ல முடியும்.