கால்கரிக்கு வரும் வடசென்னைக்காரர்களுக்கு: மலைக்குப் போகும் முன் காற்றைப் பாருங்கள்

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இருக்கும் கால்கரியில் இறங்கிய முதல் மாதத்துக்குள் யாராவது ஒருவர் "வாங்க, இந்த வாரம் பான்ஃப் போகலாம், செம பனி" என்று கூப்பிட்டுவிடுவார். மேற்கே ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டினால் ராக்கி மலைக்குள் இருப்பீர்கள். போங்கள், கண்டிப்பாகப் போங்கள். ஆனால் அன்றைய மலை நிலவரத்தைப் படிக்கத் தெரிந்துகொண்டு போங்கள். லீவுக்கு வந்த இடத்தில், தண்டையார்பேட்டை வீட்டிலிருந்து இதை எழுதுகிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கக் கிளம்புகிறார்கள். போன பிறகு மலை நிலவரம் என்று அவர்கள் பார்ப்பது பெரும்பாலும் ஒரே ஒரு எண்: ராத்திரி எத்தனை சென்டிமீட்டர் பனி விழுந்தது. அந்த எண்ணுக்கு முன்னால் காற்றைப் பற்றிய வரியைப் பாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

காசிமேட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் ஏற்கெனவே உண்டு. துறைமுகத்தில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்காமல் யாரும் போட்டை எடுப்பதில்லை. மீன் எவ்வளவு கிடைக்கும் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

சன்ஷைன், லேக் லூயிஸ் போன்ற பனிச்சறுக்கு மையங்கள் விடியற்காலையிலேயே அன்றைய நிலவரத்தைப் போட்டுவிடும். ராத்திரி விழுந்தது, 24 மணி நேரத்தில் விழுந்தது, 48 மணி நேரத்தில், 7 நாளில் என்று எண்கள் வரிசையாக இருக்கும். இவற்றைக் கூட்டக் கூடாது. ராத்திரி 6, 24 மணி நேரத்தில் 9 என்று போட்டிருந்தால் மொத்தம் 15 இல்லை, அந்த 9-க்குள்ளேயே இந்த 6 அடக்கம். சீசன் டோட்டல் என்பது குளிர்காலம் தொடங்கியதிலிருந்து விழுந்ததை எல்லாம் கூட்டிய கணக்கு. இப்போது உங்கள் காலடியில் இருப்பது பேஸ் என்று போட்டிருக்கும் எண். விழுந்த பனி நாளாக நாளாக அமுங்கிவிடுவதால் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருக்கும். நவம்பரில் பேஸ் குறைவாக இருக்கும்போது பாறைகள் மேலாகவே கிடக்கும். அப்போது போகிறவர்கள் கம்பம் நட்டுக் கயிறு கட்டித் தடுத்த இடங்களுக்குள் தலையை நீட்ட வேண்டாம்.

அப்புறம், அந்தப் புதுப்பனியை எங்கே அளக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். காற்று அதிகம் படாத ஒதுக்கமான இடத்தில் பலகை வைத்து அளப்பார்கள். மலை முழுக்க அதே ஆழம் இருக்காது. 20 சென்டிமீட்டர் விழுந்த ராத்திரியில் உச்சியில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்திருந்தால், காற்றைப் பார்த்த முகடு வழித்துவிட்ட மாதிரி கட்டாந்தரையாக இருக்கும். அங்கிருந்த பனி எல்லாம் மறுபக்கச் சரிவில் போய்க் குவிந்திருக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினாலே தளர்ந்த புதுப்பனி நகரத் தொடங்கிவிடும். நிலவரத்தில் மேற்கு என்று போட்டிருந்தால் காற்று மேற்கிலிருந்து வருகிறது, பனி சேர்வது கிழக்குச் சரிவில். ராக்கியில் பெரும்பாலும் மேற்கு, தென்மேற்குக் காற்றுதான். அதனால் கிழக்கு, வடகிழக்கு முகங்களில் என்ன இருக்கிறது என்று எப்போதும் ஒரு கேள்வி மனதில் இருக்கட்டும்.

வெறுமனே குவிவதோடு நின்றால் பரவாயில்லை. காற்று பனித்துகள்களை உடைத்து, நெருக்கி, ஒரு கெட்டிப் பலகையாக ஆக்கிவிடுகிறது. அடியில் பழைய பனி பலவீனமாக இருந்தால் அந்தப் பலகை ஒருவர் எடைக்கே விரிசல் விட்டு மொத்தமாகச் சரியும். பார்வைக்கு அது வழவழவென்று, அந்த மலையிலேயே அழகான சரிவாக இருக்கும். காலை வைத்தால் உள்ளே எங்கோ வெற்றிடம் இருப்பது போல 'டும்' என்று ஒரு அடங்கிய சத்தம் வரும், பக்கத்தில் மெல்லிய கோடாக விரிசல் ஓடும். அந்தச் சத்தம் கேட்டால் வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

பனிச்சறுக்கு மையத்தின் எல்லைக்குள் இதை எல்லாம் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். காலையில் வெடி வைத்து ஆபத்தான பனியை அவர்களே சரியவிட்டு, பிறகுதான் அந்தப் பகுதியைத் திறப்பார்கள். எல்லைக் கயிற்றுக்கு வெளியே போனால் அந்தப் பொறுப்பு முழுக்க உங்களுடையது. 'நான் பனிச்சறுக்கு எல்லாம் செய்ய மாட்டேன், சும்மா நடக்கத்தான் போகிறேன்' என்பவர்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் குழந்தைகளோடு நடந்த பாதை குளிர்காலத்தில் பனிச்சரிவின் வழியில் இருக்கலாம். லேக் லூயிஸிலிருந்து போகும் 'பிளெயின் ஆஃப் சிக்ஸ் கிளேசியர்ஸ்' நடைபாதை அப்படிப்பட்டதுதான்.

இதற்கென்று அவலாஞ்ச் கனடா என்ற அமைப்பு தினமும் அறிக்கை கொடுக்கிறது. குளிர்காலத்தில் மாலை 4 மணி வாக்கில் மறுநாளுக்கான நிலவரம் வந்துவிடும். கால்கரி நேரம் அப்போது நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், அதாவது இங்கே காசிமேட்டில் மறுநாள் அதிகாலை 4:30, ஏலக் குரல் கேட்கும் நேரம். அறிக்கையில் மரங்களுக்குக் கீழே, மர எல்லையில், மரமில்லாத உச்சியில் என்று மூன்று உயரங்களுக்குத் தனித்தனியாக 1 முதல் 5 வரை ஆபத்து அளவு இருக்கும். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறமும் உண்டு. ஐந்தில் மூன்று என்றால் நடுத்தரம்தானே என்று நினைத்துவிடாதீர்கள். மனிதர்கள் போய் மிதித்தாலே பனிச்சரிவு கிளம்ப நிறைய வாய்ப்பு இருக்கிறது என்று பொருள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு இந்த மூன்றாம் நிலை நாட்களில்தான் நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், மூன்றில் துணிந்து போகிறார்கள். சரிவு 30 முதல் 45 டிகிரி வரை இருக்கும் இடங்கள்தான் அதிகம் சரிபவை. அதன் மேல் ஏறாவிட்டாலும் அதன் அடியில் நின்று போட்டோ எடுப்பதும் ஆபத்துதான். புதையுண்டவரை முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அப்புறம் அது வேகமாகக் குறையும். அதனால் பனிச்சரிவு வரக்கூடிய இடத்துக்குள் போகிற ஒவ்வொருவரிடமும் டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேட சிக்னல் அனுப்பிப் பெறும் கருவி), புரோப் (பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பி), மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தப் பழகியும் இருக்க வேண்டும்.

வான்கூவருக்குக் காரில் போகிறவர்கள் ரோஜர்ஸ் பாஸ் என்ற மலைக் கணவாய் வழியாகப் போவார்கள். 1910 மார்ச் 4 அன்று அங்கே ரயில் பாதையில் சரிந்து விழுந்த பனியை அள்ளிக்கொண்டிருந்த 58 தொழிலாளர்கள் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பனிச்சரிவில் புதைந்துபோனார்கள். அதில் பாதிக்கு மேல் ஜப்பானியர்கள், நம்மைப் போலவே பிழைக்கப் போனவர்கள். இன்று அந்தக் கணவாயில் ராணுவம் பீரங்கியால் சுட்டு, பனியை முன்கூட்டியே சரியவிடுகிறது. அப்போது சாலையை மூடுவார்கள், பொறுமையாகக் காத்திருங்கள். வான்கூவர் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் பெரும்பாலான மலைச் சாலைகளில் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை விண்டர் டயர் கட்டாயம். ஆல்பர்ட்டாவில் சட்டம் கேட்காது, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

குளிர் விஷயத்தில் நகரத்து வெப்பநிலையை நம்ப வேண்டாம். கால்கரி ஏறக்குறைய 1,045 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சன்ஷைன் உச்சி 2,730 மீட்டர். சாதாரணமாக ஆயிரம் மீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும். ஆனால் நகரம் மைனஸ் 25-ல் உறைந்து கிடக்கும் சில நாட்களில் கனமான குளிர்காற்று கீழே தங்கிவிட, உச்சி மைனஸ் 8-ல் வெயில் காயும். சினூக் என்ற, மலையிலிருந்து இறங்கும் வெதுவெதுப்பான காற்று வரும் நாட்களிலோ கால்கரியில் சில மணி நேரத்தில் 20 டிகிரி ஏறி, மக்கள் ஜாக்கெட் இல்லாமல் நடப்பார்கள். அதே நேரம் மலை முகட்டில் காற்று ஆளைத் தள்ளும், ஆட்களை மேலே ஏற்றும் நாற்காலி லிப்டுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் எப்போதும் உச்சியின் எண்ணைப் பாருங்கள்.

மைனஸ் 10-ல் 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 20. மைனஸ் 20-ல் 40 என்றால் மைனஸ் 34, திறந்திருக்கும் தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்துவிடும். லிப்டில் உட்கார்ந்து எதிர்க்காற்றில் ஏறும்போதுதான் இது நன்றாகத் தெரியும். மூக்கு நுனி, காது மடல், கன்னம் மூன்றையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிறிய திட்டு தெரிந்தால் கையுறையைக் கழற்றி உள்ளங்கையை அதன் மேல் வையுங்கள், உடனே உள்ளே போங்கள். தேய்க்கக் கூடாது. எம்.சி. ரோட்டில் வாங்கி எடுத்துப்போன பருத்தி பனியன் மலைக்கு ஆகாது. வியர்வையில் நனைந்தால் காயாது, காற்று பட்டதும் நடுக்கிவிடும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர், மேலே காற்றுப் புகாத ஜாக்கெட். வெயில் அடித்தால் சன்ஸ்கிரீனும் வேண்டும், புதுப்பனி புற ஊதாக்கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும்.

எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பதை அங்கேயே இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இங்கே இருக்கும் அம்மாவிடம் சொன்னால் அவரால் கவலைப்பட மட்டும்தான் முடியும். மலைக்குள் பல இடங்களில் சிக்னல் இருக்காது, அவசர உதவிக்கு 911 அழைக்கவும் வழி இருக்காது.

முதல் தடவைக்கு ஒரு வாரநாளைத் தேர்ந்தெடுங்கள். உச்சியில் காற்று 20-க்குக் கீழே, வெப்பநிலை மைனஸ் 5-லிருந்து மைனஸ் 10-க்குள், புதுப்பனி ஐந்தாறு சென்டிமீட்டர், வானம் தெளிவு. பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும் இப்படி நாட்கள் கிடைக்கும், பகலும் நீளமாக இருக்கும். பயிற்சி வகுப்பு, வாடகை ஸ்கீ, அடிவார லிப்ட் மூன்றும் சேர்ந்த பேக்கேஜ் பல மையங்களில் உண்டு, அதையே எடுங்கள்.