‘லுக்கிங் ஃபார்வர்ட் டு’: அடுத்த வகுப்பைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் டியூஷன் வாட்ஸ்அப் குழு எதைத் திறந்தாலும் இது கண்ணில் படும்: ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு அட்டெண்ட் த நெக்ஸ்ட் கிளாஸ்.’ அடுத்த வகுப்புக்கு ஆவலாக இருக்கிறேன் என்று மரியாதையாகச் சொல்லத்தான் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே ‘அட்டெண்ட்’ பொருந்தாது. ‘அட்டெண்டிங்’ என்றுதான் வர வேண்டும்.

எல்லாம் ‘டு’ செய்யும் வேலை. ‘ஐ வான்ட் டு அட்டெண்ட்’ என்று பள்ளியிலிருந்து எழுதிப் பழகிய கை, ‘டு’வைப் பார்த்ததும் வெறும் வினைச்சொல்லைப் போட்டுவிடுகிறது. இந்த ‘டு’ வேறு. நம் ‘கு’ உருபு மாதிரி இதற்குப் பெயர்ச்சொல்தான் வேண்டும். ‘வருகிறேன்’ என்பதோடு ‘கு’ சேராது. ‘வருவது’ என்று பெயராக்கிய பிறகுதான் ‘வருவதற்கு’ என்கிறோம். ஆங்கிலத்தில் அந்த வேலையை ‘இங்’ பார்த்துக்கொள்கிறது. சந்தேகம் வந்தால் ‘டு’வுக்குப் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு இட்’ சரியாக நிற்கும், ‘வான்ட் டு இட்’ நிற்காது. ‘இட்’ நிற்கிற இடத்தில் ‘இங்’.

வினையே வேண்டாம் என்றால் ‘லுக்கிங் ஃபார்வர்ட் டு த நெக்ஸ்ட் கிளாஸ்’ போதும். ‘த’வை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘வெயிட்டிங் ஃபார்’ பழக்கத்தில் ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போடுவதும் தவறு. ‘ஐ’யை விழுங்கிவிட்டு ‘ஆம் லுக்கிங்’ என்று தொடங்குவது நம் ஊர்ப் பழக்கம். தமிழில் ‘வருகிறேன்’ என்றாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் ‘நான்’ தேவைப்படுவதில்லை. ஆசிரியருக்கு எழுதும் மெயிலில் ‘ஐ’ இருக்கட்டும்.

வகுப்பு நடத்துபவர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ என்று அறிவிப்பு போடுவார்கள். ‘நெக்ஸ்ட்’ வந்தால் ‘ஆன்’ வேண்டாம், சரி. ஆனால் அது வருகிற திங்களா, அதற்கடுத்த திங்களா? இலக்கணத்தைவிட இதுதான் பெரிய தொல்லை என்பேன். தேதியைப் போட்டுவிடுங்கள்: ‘த நெக்ஸ்ட் கிளாஸ் இஸ் ஆன் மண்டே, மே 4, அட் 6 பி.எம்.’ சித்திரைத் திருவிழா சமயத்தில் இது ரொம்ப முக்கியம். அழகர் ஆற்றில் இறங்கும் நாள் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை. அன்றைக்கு வகுப்பு கிடையாது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். கோவையிலிருந்து ஆன்லைனில் சேர்ந்த பிள்ளை இணைப்பைத் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருக்கும்.