டெக் ஷீட் தளம்: ஷீட்டும் கான்கிரீட்டும் சேர்ந்து சுமக்க என்ன செய்ய வேண்டும்?

நெளிவுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டின் மேல் கான்கிரீட் போடுவதுதான் டெக் ஷீட் தளம். கான்கிரீட் ஈரமாக இருக்கும்வரை ஷீட் தனியாகச் சுமக்கிறது; இறுகியபின் அந்த ஷீட்டே தளத்தின் அடியில் இழுப்பைத் தாங்கும் அடிக்கம்பி. காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பலகை அடித்துப் பழகிய மேஸ்திரிகள் இதைக் கழற்றாத சென்ட்ரிங் என்று மட்டும் எடுத்துக்கொண்டால் வேலை கெட்டுவிடும்.

படி 1: ஷீட் தேர்வு
நெளிவின் பக்கங்களில் புடைப்புகள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூரைக்குப் போடும் வழவழ ஷீட் இதற்கு ஆகாது. கான்கிரீட் தகட்டோடு தானாக ஒட்டும் பிடிப்பு சீக்கிரமே விட்டுவிடும். அதன்பிறகு வழுக்காமல் நிறுத்துவது புடைப்புகள்தான். பெரும்பாலும் இந்தத் தளம் தகடு அறுந்து தோற்பதில்லை. முனையில் கான்கிரீட் வழுக்கித்தான் தோற்கிறது. அதனால் அந்த ஷீட் வடிவத்துக்கே செய்த சோதனை அறிக்கையை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். முனை 0.1 மி.மீ. வழுக்கியபோது இருந்த சுமையைவிட, கடைசியாகத் தாங்கிய சுமை 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால்தான் யூரோகோடு 4 (இரும்பும் கான்கிரீட்டும் சேர்ந்த கட்டுமானத்துக்கான ஐரோப்பிய விதிநூல்) அதைத் திடீரென முறியாத வகையாக ஏற்கிறது.

படி 2: ஈர எடைக் கணக்கு
மொத்தக் கனம் 120 மி.மீ., நெளிவு உயரம் 50 மி.மீ. என்று வைப்போம். நெளிவில் பாதி காலி என்றால் சராசரிக் கனம் 70 + 25 = 95 மி.மீ. ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 237 கிலோ. முழுத் தளமாகப் போட்டால் 300 கிலோ வரும்.

இந்த எடையில் ஷீட் தொங்கும். தொங்கிய குழியில் கான்கிரீட் கூடுதலாக நிற்கும், அதனால் இன்னும் தொங்கும். நடுத் தொய்வு தளக் கனத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால், அதாவது இங்கே 12 மி.மீ.யைத் தாண்டினால், அந்தக் கூடுதல் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இடைவெளி நீளமானால் நடுவில் முட்டு கொடுங்கள். கான்கிரீட் குறித்த வலிமையில் 75 சதவீதம் வரும்வரை முட்டை எடுக்காதீர்கள்.

படி 3: விரித்தல், ஸ்டட்
இரும்பு பீமின் மேல் ஷீட் குறைந்தது 50 மி.மீ. உட்கார வேண்டும். பிறகு 19 மி.மீ. ஸ்டட்களை, அதாவது பீமையும் கான்கிரீட்டையும் பிணைக்கும் இரும்பு முளைகளை, ஷீட் வழியாகவே பீமில் வெல்டு செய்வார்கள். பீமின் மேல்முகத்தில் பெயிண்டோ ஈரமோ இருந்தால் வெல்டு பிடிக்காது. காலைப் பனி உலரட்டும். ஒவ்வொரு ஸ்டட்டின் அடியிலும் உருகிய வளையம் சுற்றிலும் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். வளையம் ஒரு பக்கம் விட்டிருந்தால் அதற்கு எதிர்ப்பக்கமாக 15 டிகிரி வளைத்துச் சோதியுங்கள். விரிசல் வந்தால் வேறு ஸ்டட் வையுங்கள்.

படி 4: மேல் கம்பி
பீமின் மேலே தளம் விரிசல் விடும். முட்டு இல்லாவிட்டால் நெளிவுக்கு மேலுள்ள கான்கிரீட்டின் குறுக்குவெட்டுப் பரப்பில் 0.2 சதவீதம் கம்பி; 70 மி.மீ.க்கு 6 மி.மீ. கம்பி 200 மி.மீ. இடைவெளியில். முட்டு கொடுத்திருந்தால் 0.4 சதவீதம், 8 மி.மீ. கம்பி 175 மி.மீ. இடைவெளியில். ஏன் இரட்டிப்பு? முட்டை எடுத்ததும் தளத்தின் சொந்த எடையும் சேர்ந்து பீமின் மேலே இழுப்பைக் கூட்டுகிறது.

படி 5: கான்கிரீட்
ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். பீமின் மேல் கொட்டி நடுவுக்குப் பரப்புங்கள். அடியில் தகடு அடைத்திருப்பதால் ஈரம் மேலே மட்டும்தான் போகும். வேலூர் மே மாத வெயிலில் பகலில் போட்டால் மேற்புறம் சீக்கிரம் சுருங்கி வெடிக்கும். மாலையில் போட்டு, சமன் செய்ததுமே ஈரச் சாக்கு விரியுங்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் கூடங்களில், உப்புத் தோலும் கழிவுநீரும் புழங்கும் தளத்துக்கு டெக் ஷீட் வேண்டாம். உப்பு துத்தநாகப் பூச்சைத் தின்னும், அங்கே அடிக்கம்பியாக இருப்பதும் அந்த ஷீட்தான். தையல் கூடம் போன்ற உலர்ந்த இடங்களுக்குத் தாராளமாகப் போடலாம்.