கிழங்கைத் தோண்டிப் பார்க்காதீர்கள்

எங்கள் ஊர் தேரிக்காட்டு ஓரம், செம்மணல் மேடு. ஆவணி, புரட்டாசியில் விழுகிற பனம்பழத்தின் கொட்டைகளைச் சேர்த்து மணலில் பாத்தி போடுவோம். பச்சையாக எதுவும் மேலே தெரியாது. பனங்கொட்டையின் முளை முதலில் கீழேதான் இறங்கும். மண்ணுக்குள் கிழங்கு விட்ட பிறகுதான் மேலே இலை. பொங்கலுக்குத் தோண்டினால் கிழங்கு கிடைக்கும், அவித்துத் தின்னலாம். ஆனால் தோண்டியது மரமாகாது. விட்டு வைத்ததுதான் வடலியாகி, அதாவது இளம்பனையாகி, 15, 20 வருஷத்தில் பதநீர் தரும்.

இதை நான் சொல்வதற்குக் காரணம் என் கோபம். கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்தில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், பல சபையார் கூடும் பிரசங்கக் கூட்டத்தில், அழுது, கையை உயர்த்தி, எல்லாம் மாறிவிட்டது என்று வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலையில் பால் பொங்கி அடுப்பு அணைந்ததற்குப் பிள்ளையை அடித்தேன். அன்று முழுவதும் ஒரே கேள்வி: நான் இரட்சிக்கப்பட்டது, பாவத்திலிருந்து மீட்கப்பட்டது உண்மையா? அதன்பின் பல வருஷம் தினமும் என்னைத் தோண்டிப் பார்த்தே களைத்துப் போனேன். இதே இடத்தில் நிற்கிறவர்களுக்காக, எனக்கு உதவியதை எழுதுகிறேன்.

முதலில், ஒரே ஒரு காரியத்தை எடுங்கள். கோபம், பொறாமை, ஜெபக்குறைவு எல்லாவற்றையும் ஒரு லெந்துக்குள், ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்துக்குள், முடிக்கப் பார்க்காதீர்கள். வேதாகமத்தில் யாத்திராகமம் 23-ஐ மெதுவாக வாசியுங்கள். இஸ்ரவேலருக்குக் கொடுக்கும் தேசத்தில் இருந்த கானானியரை ஒரே வருஷத்தில் துரத்தமாட்டேன், தேசம் பாழாகிக் காட்டுமிருகங்கள் பெருகிவிடும் என்கிறார் கர்த்தர். "கொஞ்சங்கொஞ்சமாக" என்பது அவர் வாயிலிருந்து வந்த சொல். முடியாமல் தாமதிக்கவில்லை, நம்மை நினைத்துத்தான் தாமதிக்கிறார். இந்த ஒரு வசனம் என் தலையிலிருந்து இறக்கிய பாரம் கொஞ்சமல்ல.

தினம் செய்வதைச் சின்னதாக வையுங்கள். நான் காலையில் காப்பிக்குத் தண்ணீர் வைக்குமுன் ஒரு சங்கீதம் வாசிப்பேன். 150 சங்கீதம், ஐந்து மாதத்தில் ஒரு சுற்று. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாக வாசிக்கமாட்டேன். விட்ட இடத்திலிருந்து தொடர்வேன். கடனை அடைப்பதுபோல வாசித்த நாட்களில் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

ஜெபத்தில் பாதியைப் பாதி என்றே சொல்லுங்கள். பெத்சாயிதாவில் குருடனின் கண்களை இயேசு தொட்டபோது அவன், "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்றான். நன்றாகத் தெரிகிறது என்று மரியாதைக்காகச் சொல்லவில்லை. ஆண்டவர் மறுபடியும் கைவைத்தார். "ஆண்டவரே, இன்று அடிக்கவில்லை, ஆனால் கத்திவிட்டேன்" என்று நான் சொல்லப் பழகியது இவனிடமிருந்துதான்.

விழுந்த நாளில் இரண்டு பேரிடம் போகவேண்டும். தேவனிடம் அறிக்கை செய்வது எனக்குச் சுலபம். பிள்ளையிடம் போய், "அம்மா செஞ்சது தப்பு" என்பதுதான் தொண்டையில் நிற்கும். அதைத் தூங்குமுன் சொல்லிவிடுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் சொல்லவே மாட்டோம்.

சாட்சிக் கூட்டங்களில் ஒரே இரவில் மாறினவர்களைக் கேட்டுச் சோர்ந்துபோகாதீர்கள். அவர்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இயேசுவின் சீஷன் பேதுருவையும் நினையுங்கள். பெந்தெகொஸ்தே நாளில் எழுந்து பிரசங்கித்தவர், பிற்பாடு அந்தியோகியாவில் மனிதருக்குப் பயந்து, யூதரல்லாத விசுவாசிகளோடு உண்ட பந்தியைவிட்டு விலகினார். அப்போஸ்தலன் பவுல் அவரை முகமுகமாய் எதிர்த்தார். அப்படிப்பட்டவரையும் ஆண்டவர் கைவிடவில்லை.

அளந்து பார்ப்பது வருஷத்துக்கு ஒரு தரம் போதும். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குப் போகுமுன் ஒரு நோட்டில் நாலு வரி எழுதுவேன். போன வருஷம் எதில் விழுந்தேன், எத்தனை சீக்கிரம் எழுந்தேன், அவ்வளவுதான். அந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டையையும், வருஷத்துக்கென்று கிடைக்கும் வசன அட்டையையும், அதே பக்கத்தில் ஒட்டிவைப்பேன்.

அந்த நோட்டின் ஆறாவது பக்கத்தில் இருப்பது இது. மகள் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தவறவிட்டாள். மாவு தரையெல்லாம் ஓடி அம்மிக்குக் கீழே போய்விட்டது. நான் பழந்துணி எடுத்துவந்து குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரோடு ஒட்டி நின்றபடி, "எம்மா, நீ கத்தலியே" என்றாள். அதுவரைக்கும் எனக்கே தெரியாது. விதைத்தவன் தூங்கி எழும்ப, "அவனுக்குத் தெரியாதவிதமாய்" விதை முளைக்கிறது என்று மாற்கு 4-இல் ஆண்டவர் சொன்னதை ஞாயிறு பள்ளியில் எத்தனையோ தரம் நடத்தியிருக்கிறேன். அன்றைக்கு மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொன்னேன்.

இப்போது அடுத்த காரியத்தை எடுத்திருக்கிறேன். ஓரகத்தியும் நானும் ஒரு வரப்புத் தகராறில் ஒன்பது வருஷம் பேசாமல் இருந்தோம். போன லெந்தில் அவள் வாசல்வரை போனேன். இதுவரை "சாப்பிட்டாச்சா" என்பதைத் தாண்டிப் பேச்சு போகவில்லை. இந்த வருஷ நோட்டில் அதைத்தான் எழுதப்போகிறேன்.