மனசு சரியில்லையா, பழைய சீரியலைப் போடுங்கள்

மனசு ஒரு மாதிரி கனமாக இருக்கும் நாளில் புதுத் தொடரைத் தொடாதீர்கள், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் வேறு சேர்ந்துகொள்ளும். கதை தெரிந்த பழசுதான் சரி. வியாசர்பாடியில் எங்கள் வீட்டில் ஃபேன் சுற்றியும் காற்று வராத ஞாயிறு சாயங்காலங்களில் நான் யூடியூபில் தேடுவது 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'. எம்.எஸ். பாஸ்கர் பட்டாபியாக வந்து நின்று வாயைத் திறப்பதற்குள் சிரிப்பு வந்துவிடும், என்ன சொல்வார் என்று தெரிந்தே சிரிப்பதில் ஒரு தனி சுகம். 2002-ல் தொடங்கிய 'மெட்டி ஒலி' எனக்கும் உயிர்தான், ஆனால் சோர்ந்த நாளுக்கு ஆகாது, ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பாவோடு சேர்ந்து நீங்களும் அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பீர்கள்.

அப்புறம், ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இரண்டு எபிசோடு போதும், அதுவும் தனியாகப் படுத்துக்கொண்டு வேண்டாம். நான் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடுவேன், அவர் வரும்போது தெருமுனைக் கடையில் எலுமிச்சை தூக்கலாக அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் ஒரு பார்சல், கூடவே வாழைத்தண்டு சூப். இரண்டு வாரமாகியும் சோர்வு விடவில்லை என்றால் அது சீரியலால் தீராது, 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. ரிமோட்டை மட்டும் அக்காவிடம் கொடுப்பதில்லை, நேராக மெட்டி ஒலிக்குப் போய்விடுவார்.